பழைய வண்டியில் எஞ்சின் சூடாகிறதா? எப்போது சூடாகிறது என்று முதலில் பாருங்கள்

பழைய வண்டி வாங்கியவர்கள் பலரும் ஒரே வழியில்தான் பணத்தை விடுகிறார்கள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியதும் ரேடியேட்டரை மாற்றுவது, அதற்கும் அடங்கவில்லை என்றால் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு), அப்புறம் வாட்டர் பம்ப், எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் ஃபேன் ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) செத்துக் கிடந்திருக்கும். இதையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டதால் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒரே கேள்விதான்: எப்போது சூடாகிறது? நின்றாலா, ஓடினாலா, ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயா? கூடவே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறதா? இதற்குப் பதில் கிடைத்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம், ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

## முள் சிவப்பில் இருக்கிறது, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோவரை முழு வேகத்திலும் வையுங்கள். வெயிலில் இதைச் செய்வது கொடுமைதான், ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள்.

ஆவி வந்தாலோ, கூலன்ட் கொட்டினாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். ஆவியும் இல்லை, கசிவும் இல்லை, ஃபேனும் ஓடுகிறது என்றால் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டுப் பார்க்கலாம், முள் இறங்கவில்லை என்றால் நிறுத்துங்கள். ‘ஒர்க்‌ஷாப் பக்கத்தில்தான், போய்விடலாம்’ என்று ஓட்டுவதில்தான் ஹெட் (எஞ்சின் பிளாக்கின் மேல்மூடி) வளைகிறது. சின்ன ஹோஸ் மாற்ற வேண்டிய வேலை எஞ்சினைப் பிரிக்கும் வேலையாக மாறுவது அந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் சூடாகி, அழுத்தத்தால் மட்டும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம். மூடி தளர்ந்த நொடியில் ஆவியாக முகத்துக்கு வரும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் அதற்கும் மேலே காத்திருங்கள். பிறகு கையில் துணி சுற்றி ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. மெத்தென்று ஆன பிறகு தடிமனான துணியைப் போட்டு மூடியை முதல் படி மட்டும் திருப்பி, சத்தம் அடங்கியதும் முழுதாகத் திறங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை மளமளவென்று ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம். ஆறட்டும். அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றலாம், தப்பில்லை, ஆனால் அதையே நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள்.

## எந்த அறிகுறியானாலும் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டியவை

கூலன்ட் அளவை ரிசர்வாயர் டேங்கில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். ரேடியேட்டரில் மூடி இருக்கும் வண்டி என்றால் அதைத் திறந்து உள்ளே பாருங்கள், கழுத்து வரை நிறைந்திருக்க வேண்டும். டேங்க் நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருந்தால் மூடியின் வால்வோ இரண்டுக்கும் நடுவில் உள்ள சின்ன ஹோஸோ வேலை செய்யவில்லை. ஆறும்போது டேங்கிலிருந்து கூலன்ட் திரும்ப இழுபடவில்லை. ரேடியேட்டரில் மூடியே இல்லாத வண்டிகளில் அழுத்தம் தாங்கும் டேங்க்தான் எல்லாம், அதில் குறியீட்டுக்குள் இருந்தால் சரி.

நிறத்தையும் பாருங்கள். துருத் தண்ணீர் மாதிரி இருந்தால் முன்பு வைத்திருந்தவர் வெறும் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார், உள்ளே அடைப்பை எதிர்பார்க்கலாம். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் வேறு கதை, அது பின்னால் வருகிறது.

மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா, ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறதா? ரொம்பச் சின்ன பாகம், அதனாலேயே யாரும் சந்தேகப்படுவதில்லை. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் நல்ல மூடியின் அழுத்தத்தில் 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால் அந்த இடைவெளி முழுவதும் போச்சு. மாற்றும்போது மேலே அச்சிட்ட அழுத்த எண் (0.9, 1.1 என்று இருக்கும்) பழையதோடு, அதைவிட வண்டியின் கையேட்டோடு, பொருந்த வேண்டும். அதிக எண் போட்டால் இன்னும் நல்லது என்று நினைத்துப் போட்டால் பழைய ஹோஸ்தான் முதலில் வெடிக்கும்.

பெல்ட், ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஊதிய, பிசுபிசுத்த, வெடிப்பு விட்ட ஹோஸை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பழைய வண்டிக்கே உரிய ஒரு சங்கதி: உங்களுக்கு முன் இருந்தவரின் கைவேலை. ஃபேனை நேரடியாகச் சாவியோடு இணைத்திருப்பார்கள், ஃபேன் கூண்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள், தெர்மோஸ்டாட்டையே எடுத்திருப்பார்கள். எஞ்சின் சூடேற ரொம்ப நேரம் ஆகிறது, வேகமாக ஓடும்போது முள் வழக்கத்தைவிடக் கீழே விழுகிறது என்றால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. இது தெரியாமல் மேற்கொண்டு எதைச் சோதித்தாலும் முடிவு குழப்பும்.

## அறிகுறி: நின்றால், நெரிசலில் ஊர்ந்தால் சூடாகிறது, ஓடினால் இறங்குகிறது

இது காற்றுப் பிரச்சினை. ஓடும்போது எதிர்காற்று வேலையைச் செய்துவிடுகிறது, நின்றால் ஃபேன்தான் செய்ய வேண்டும், அது செய்யவில்லை.

மின்சார ஃபேன் உள்ள வண்டி. ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் உடனேயோ சற்று நேரத்திலோ ரேடியேட்டர் ஃபேன் ஓட வேண்டும்.

ஏசி போட்டால் ஓடுகிறது, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்றால், மோட்டார் நன்றாக இருக்கிறது, சென்சார் பக்கம் பாருங்கள். (இரண்டு ஃபேன் உள்ள வண்டியில் ஓடுவது எது என்று பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வாருங்கள்.) மிகப் பழைய வண்டிகளில் ரேடியேட்டரிலேயே இரண்டு ஒயர் உள்ள ஃபேன் சுவிட்ச் இருக்கும், அதன் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனையையும் ஒரு ஒயரால் இணைத்தால் ஃபேன் ஓடும், ஓடினால் சுவிட்ச் போய்விட்டது. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வண்டிகளில் இப்படி இணைக்காதீர்கள். அங்கே எஞ்சின் ஓடும்போது டெம்பரேச்சர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினாலே பல வண்டிகளில் பாதுகாப்புக்காக ஃபேன் தானாக ஓடத் தொடங்கும்.

எதற்குமே ஓடவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள்: ஃபியூஸ், ரிலே, கனெக்டர், மோட்டார். ரிலேவைச் சோதிக்க மீட்டர்கூட வேண்டாம், அதே பெட்டியில் அதே எண்ணுள்ள வேறொரு ரிலே (ஹாரனுக்கு இருக்கலாம்) இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கனெக்டர் கருகியோ உருகியோ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், பழைய வண்டியில் இது சர்வசாதாரணம். கடைசியாக, மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒயரில் நேராக 12 வோல்ட் கொடுங்கள். ஓடவில்லை என்றால் மோட்டார் காலி. தட்டினால் ஓடுகிறது என்றாலும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். இந்த வேலை எதிலும் கையை பிளேடு அருகில் வைக்காதீர்கள், சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும்.

ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் சூடாகிறதா? எந்தப் பக்கம் காற்று தள்ளுகிறது என்று பாருங்கள். கிரில் முன்னால் ஒரு தாளை வைத்தால் அது உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும். மோட்டார் மாற்றியவர் ஒயரை மாற்றி இணைத்திருந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி எதிர்த்து ஊதும்; இதைக் கண்டுபிடிக்காமல் ரேடியேட்டர் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். கூண்டு இல்லாவிட்டாலும் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் ஓரத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

பெல்ட்டில் ஓடும் விஸ்கஸ் ஃபேன் (நடுவில் எண்ணெய் நிரம்பிய கிளட்ச் கொண்டது) உள்ள வண்டி. எஞ்சினை நிறுத்திவிட்டு, நன்றாகச் சூடாக இருக்கும்போது ஃபேனைக் கையால் சுற்றிவிடுங்கள். பிடிமானத்தோடு நகர வேண்டும். தள்ளியதும் பல சுற்று தாராளமாகச் சுற்றினாலோ, நடுப்பகுதியில் எண்ணெய் வழிந்த தடம் இருந்தாலோ கிளட்ச் போய்விட்டது. ஆணி அடித்தோ வெல்டு வைத்தோ நிரந்தரமாகப் பூட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், அதிக வேகத்தில் பிளேடு உடைந்து பறக்கும்.

ஒயரிங் உருகியிருந்தாலோ புது ஃபியூஸ் போட்டதும் மறுபடி போனாலோ ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பது வண்டி தீப்பிடிக்க வழி.

## அறிகுறி: நெரிசலில் சரி, வேகத்தில், ஏற்றத்தில், சுமையில் சூடாகிறது

இங்கே மின்சார ஃபேன் மேல் சந்தேகம் வேண்டாம். உருவாகும் சூடு முழுவதையும் வெளியேற்றும் அளவுக்குக் கூலன்ட் ஓட்டமோ ரேடியேட்டரோ போதவில்லை.

முதலில் இலவசமானது: ரேடியேட்டரின் வெளிப்பக்கம். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், ஏனென்றால் நீங்கள் பார்ப்பது ஏசி கன்டென்சரை. அழுக்கு அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், பூச்சியும் தூசியும் பஞ்சுமாகக் கம்பளி போல அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னால் நோக்கி, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷரை நெருக்கமாக வைத்தால் ஃபின் மடங்கிவிடும். விரல் பட்டாலே ஃபின் உதிர்ந்தால் அந்த ரேடியேட்டருக்கு ஆயுசு முடிந்தது.

அடுத்தது கீழ் ஹோஸ். எஞ்சின் சூடானதும் ஒருவரை ஆக்சிலரேட்டரை 2500, 3000 ஆர்பிஎம் வரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழ் ஹோஸைக் கவனியுங்கள். சப்பையாக ஒட்டிக்கொண்டால், ஹோஸ் பலம் இழந்திருக்கிறது அல்லது உள்ளே இருந்த ஸ்பிரிங் துருப்பிடித்துப் போய்விட்டது. ஐட்லிங்கில் நன்றாகத் தெரியும் ஹோஸ் வேகத்தில் மட்டும் பாதை அடைப்பதால் இதைத் தவறவிடுவது சுலபம்.

உள் அடைப்புக்கு, லேசர் தெர்மாமீட்டர் இருந்தால் ரேடியேட்டர் முகத்தில் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. ஃப்ளஷ் செய்யலாம், ஒரு முறை. ரொம்ப நாள் வெறும் தண்ணீரில் ஓடிய ரேடியேட்டரில் கெமிக்கல் ஊற்றினால், இத்தனை நாள் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த உப்புப் படிவமும் கரைந்து கசியத் தொடங்கும். என் கணக்கில் அந்த நிலைக்கு வந்த ரேடியேட்டரை மாற்றுவதே மேல்.

பெல்ட் வழுக்கினால் பம்ப் முழு வேகத்தில் சுற்றாது. பம்பே கெட்டிருந்தால் பெரும்பாலும் அடியில் உள்ள சின்னத் துளையில் கசிவோ, புல்லியில் ஆட்டமோ, கரகர சத்தமோ இருக்கும். ஆனால் ஒரு சொட்டும் கசியாமல் உள்ளே இறக்கை மட்டும் துருவில் கரைந்துபோன பம்புகளும் உண்டு, பிளாஸ்டிக் இறக்கை தண்டிலிருந்து கழன்று சும்மா நிற்பதும் உண்டு. மற்ற எல்லாம் சரியாக இருந்து இந்த அறிகுறி மட்டும் போகவில்லை என்றால் பம்பைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் இது மெக்கானிக் வேலை. பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள்.

கூலிங் பக்கம் எல்லாம் சுத்தம் என்றால், ஓடி நின்றதும் ஒவ்வொரு வீலின் சூட்டையும் ஒப்பிடுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் வண்டியும் எஞ்சினைச் சூடாக்கும்.

## அறிகுறி: ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் ஏறுகிறது

கூலன்ட் அளவு சரியாக இருந்தால், தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். முள் நடுவைத் தாண்டியதும் இரண்டு ஹோஸையும் ஜாக்கிரதையாகத் தொடுங்கள். எஞ்சின் பக்கம் கொதிக்கிறது, ரேடியேட்டரும் கீழ் ஹோஸும் சில்லென்று இருக்கிறது என்றால் கூலன்ட் சுற்றவில்லை. கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடேற்றுங்கள். அதன் மேல் 82 அல்லது 88 என்று போல ஒரு எண் இருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, அதற்கு மேல் 10, 15 டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் அசையவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். புதிதை மாட்டும்போது ஸ்பிரிங் எஞ்சின் பக்கம், சின்னக் காற்றுத் துளை இருந்தால் அது மேலே.

தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டலாமே என்பவர்களுக்கு: பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பாகம் பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் சுற்றும், சுமையில் சூடு கூடத்தான் செய்யும்.

சமீபத்தில் கூலன்ட் மாற்றியிருந்தால் ஏர் லாக்கை (உள்ளே சிக்கிய காற்றை) சந்தேகப்படுங்கள். ஹீட்டர் போட்டால் குளிர்காற்று வருவது நல்ல அடையாளம். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்துவிட்டு, குறையக் குறைய ஊற்றுங்கள். கொப்பளிக்கத் தொடங்கும் முன் மூடிவிடுங்கள். காற்று விடும் திருகு இருந்தால் அதிலிருந்து குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை திறந்து வையுங்கள்.

இரண்டு மூன்று முறை காற்று எடுத்தும் மறுபடி மறுபடி காற்று சேர்கிறதா? அந்தக் காற்று சிலிண்டரிலிருந்து வரக்கூடும், ‘டேங்கில் குமிழி’ என்று தொடங்கும் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை

இரவு முழுக்க அடியில் அட்டையை விரித்து வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நிறமற்றது, வாசனையற்றது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சூட்டில் மட்டும் கசியும் இடத்தில் கூலன்ட் உடனே காய்ந்துவிடும், ஆனால் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு படிவத்தை விட்டுவைக்கும். கிளாம்ப் ஓரங்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் மடிப்பு, பம்பின் அடி இங்கெல்லாம் டார்ச் அடித்துத் தேடுங்கள். உள்ளே முன்சீட்டுப் பக்கம் கார்பெட் ஈரமாக இருந்தாலோ, கண்ணாடியில் பிசுக்கான மூட்டம் படிந்து இனிப்பு வாசனை வந்தாலோ ஹீட்டர் கோர் கசிகிறது. அவசரத்துக்கு அதன் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து ஓட்டலாம், ஹீட்டர் மட்டும் இருக்காது.

கண்ணுக்குச் சிக்கவில்லை என்றால் பிரஷர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினில் மூடியில் போட்ட அளவுக்கு அழுத்தம் ஏற்றி 15 நிமிடம் விடுவார்கள். டெஸ்டர் முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் கூலன்ட் எஞ்சினுக்குள் போகிறது.

வடித்த கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கிக் குடிக்கும், அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் போதும் அவற்றைக் கொல்ல. குழந்தைகளுக்கும் அதே ஆபத்து.

## அறிகுறி: டேங்கில் குமிழி, கூலன்ட் பொங்கி வழிகிறது, குளிர்ந்த எஞ்சினிலேயே ஹோஸ் கல்லாகிறது

ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது. அல்லது ஹெட்டில் விரிசல்.

குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வரும் ஓரிரு குமிழி கணக்கில்லை. நிற்காமல், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கூடிக்கொண்டே வந்தால் அது எரிந்த வாயு. உறுதிப்படுத்த பிளாக் டெஸ்ட் இருக்கிறது: நீல நிறத் திரவத்தின் வழியாக ரேடியேட்டர் வாயில் சேரும் காற்றை இழுப்பார்கள், பெட்ரோல் எஞ்சினில் அது மஞ்சளானால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ஆயிலில் பால் கலந்த மாதிரி இல்லை, அதனால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சிலிண்டருக்கும் கூலன்ட் வழிக்கும் நடுவில் மட்டும் விட்டிருந்தால் ஆயில் கடைசிவரை சுத்தமாகவே இருக்கும். இதற்கு நேர்மாறாக, ஆயில் மூடியின் அடியில் கொஞ்சம் வெண்ணெய் போலப் படிந்திருப்பது குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் வெறும் ஈரப்பதமாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கில் பால் நிறம் என்றால் சந்தேகமே இல்லை, எஞ்சினை ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள், பேரிங் போய்விடும். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் சிலிண்டரில் எரிகிறது.

இதற்கு மேல் வீட்டில் செய்ய எதுவும் இல்லை. பாட்டிலில் விற்கும் அடைப்பான் திரவங்கள் வண்டியை விற்க நினைப்பவருக்குத்தான் பயன்படும், ஓட்ட நினைப்பவருக்கு ரேடியேட்டரும் ஹீட்டரும் சேர்ந்து அடைக்கும். ஹெட்டைக் கழற்றினால் லெவல் பார்த்து ஃபேசிங் (மேற்பரப்பைச் சமன்படுத்துவது) செய்கிறார்களா, விரிசலுக்கு டெஸ்ட் போடுகிறார்களா என்று கேளுங்கள்; அதைச் செய்யாமல் கேஸ்கெட் மட்டும் மாற்றினால் வேலை நீடிக்காது. நீளும் வகை ஹெட் போல்ட் என்றால் புதிதுதான் போட வேண்டும். முதலில் எஞ்சின் ஏன் சூடானது என்பதையும் கண்டுபிடித்துச் சரிசெய்யாவிட்டால் புதுக் கேஸ்கெட்டும் அதே வழியில் போகும். மொத்தச் செலவு வண்டியின் மதிப்பை நெருங்கினால் பழைய எஞ்சினையோ வண்டியையோ மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

## அறிகுறி: முள் மட்டும் ஏறுகிறது, எஞ்சின் சூடாகத் தெரியவில்லை

சாவியைத் திருப்பியதுமே, குளிர்ந்த எஞ்சினில், முள் உச்சிக்குப் போனால் ஒயரிங் அல்லது சென்சார். பழைய ஒற்றை ஒயர் சென்சாரில் கனெக்டரைக் கழற்றுங்கள்: முள் விழுந்தால் சென்சார், விழாவிட்டால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. ஓடும்போது முள் துள்ளினால் எர்த் இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள். ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போடக்கூடிய வண்டி என்றால் கூலன்ட் சூட்டை எண்ணாகவே படிக்கலாம். 85 முதல் 105 வரை இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் கவலை இல்லை.

இதற்கு எதிரானதுதான் ஆபத்து. சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது முள் திடீரென்று கீழே விழுந்து, ஹீட்டரில் குளிர்காற்று வந்து, ஏதோ கருகும் வாசனை அடித்தால் கூலன்ட் முழுவதும் போய்விட்டது, சென்சார் வெறும் காற்றை அளக்கிறது. அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

## மெக்கானிக்கிடம் போகும்போதும், வேலை முடிந்த பிறகும்

‘ஹீட் ஆகிறது’ என்று மட்டும் சொன்னால் ரேடியேட்டரில் தொடங்குவார்கள். எப்போது ஆகிறது, எவ்வளவு கூலன்ட் குறைந்தது, எதையெல்லாம் நீங்கள் பார்த்துவிட்டீர்கள், ஃபேன் ஓடுகிறதா என்று சொல்லுங்கள். ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றால் பிளாக் டெஸ்டோ கம்ப்ரஷன் டெஸ்டோ எடுத்து முடிவைக் காட்டச் சொல்லுங்கள், சம்மதம் அதற்குப் பிறகு.

நிரப்பும்போது உப்பில்லாத டீமினரலைஸ்டு தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. கூலன்டின் நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்காதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு வகை உண்டு, ஒத்துப்போகாத வகைகள் கலந்தால் கூழாகிக் குழாயை அடைக்கும். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத பழைய வண்டியில் முழுவதையும் வடித்து, வடிவது தெளிவாகும்வரை தண்ணீரில் அலசிவிட்டு, கையேட்டில் சொன்ன வகையைப் புதிதாக ஊற்றுங்கள். அடுத்த சில நாள் காலையில், எஞ்சினைத் தொடுவதற்கு முன், அளவைப் பாருங்கள். முதல் ஓரிரு முறை கொஞ்சம் இறங்குவது உள்ளே தங்கிய காற்று வெளியேறியதால்; அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு இன்னும் இருக்கிறது, பிரஷர் டெஸ்டிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.